ஒரு பழிக்கு மூன்று பேர்

பரிசுக்கு அடித்துக்கொண்டவர்களைப் பற்றி எத்தனையோ கதை கேட்டிருப்பீர்கள். இது, பழி எனக்குத்தான் என்று அடித்துக்கொண்ட மூன்று பேரின் கதை. காதைக் கொடுத்துக் கேளுங்கள். கடைசியில் கேள்வி உங்களுக்குத்தான்.

சங்ககிரி மரகதத்துக்கு இருந்தது ஒரே லாரி. கணவன் போய்ச் சேர்ந்த பிறகு அதை ஓட்டியவன் வையாபுரி. அவனுடைய அம்மா இடைப்பாடியில் படுத்த படுக்கை. "எம் பையன் கையால ஒரு வாய் பால் வாங்கிட்டுத்தான் போவேன்" என்பது கிழவியின் பிடிவாதம். "கூப்பிட்டா வண்டியோட வந்துருவேன்" என்று அவனும் வாக்குக் கொடுத்திருந்தான்.

லாரிக்குப் பேட்டரி இரண்டு. சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காமல் முரண்டு பிடித்ததால், வையாபுரி எங்கே போனாலும் சரிவு பார்த்தே வண்டியை நிறுத்துவான், உருட்டிவிட்டால் கிளம்பிவிடும். இந்த அவஸ்தை போதும் என்று, அவன் ஊருக்குப் போயிருந்த நாளில், பேட்டரிக் கடை பக்ருதீன் பாயை மரகதமே வரவழைத்தாள்.

பாய் சோதித்துப் பார்த்தார். ஒன்று செத்துவிட்டது, மற்றது தள்ளாடியது. "ரெண்டையும் ஜோடியா மாத்திருங்கம்மா. பழச விட்டா புதுசையும் சேத்துக் கெடுத்துரும்."

தள்ளாடிய பேட்டரியின் மேல் மஞ்சள் காய்ந்து கிடந்தது. கடைசி ஆயுத பூஜையில் கணவன் பூசியது. விரல் தடம்கூட அப்படியே இருந்தது. மரகதம் குறுக்கே கை நீட்டினாள். "அத மட்டும் கழட்ட வேண்டாங்க பாய்."

பாய்க்கும் மனசு கேட்கவில்லை. ஒன்றை மட்டும் மாற்றினார். "டிரைவர்கிட்டச் சொல்லிருங்க, சரிவுலயே நிறுத்தட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வையாபுரி வந்ததும் கேட்டான். "பேட்டரி மாத்தியாச்சுங்களா அக்கா?"

முழுசாகச் சொன்னால் பைத்தியக்காரி என்று நினைப்பானோ என்று அவளுக்குக் கூச்சம். "மாத்தியாச்சு" என்றாள். லாரிக்காரர் பேச்சில் பேட்டரி என்றால் ஜோடிதான். அவன் பெட்டியின் மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

சில வாரம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு மத்தியானம், கிருஷ்ணகிரி பக்கம் ஓட்டல் வாசலில், பேட்டரி புதுசு என்ற தைரியத்தில் சமதரையில், லோடு ஏற்றிய வண்டியை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். சோற்றில் கை வைத்தபோது போன் வந்தது. அம்மாவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறதாம். எச்சில் கையோடு ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினான். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

நாலு பேர் தள்ளியும் வண்டி அசையவில்லை. லோடை நடுவழியில் விட்டுவிட்டு பஸ் ஏறவும் முடியாது. இன்னொரு லாரி வந்து நின்று, தன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பிவிடுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இடைப்பாடியில் அவன் போய் இறங்கியபோது அம்மாவின் தாடையைக் கட்டியிருந்தார்கள். பால் ஊற்ற வாய் இல்லை.

சாவு வீட்டில் மரகதம் மாரில் அடித்துக்கொண்டாள். "செத்தவர நெனச்சு உங்கம்மாவுக்குத் துரோகம் பண்ணிட்டேனே!"

"தெரிஞ்சும் ஒத்தையா மாட்டுனவன் நான்" என்றார் பாய்.

"மூடியத் தொறந்து பாக்காத நானெல்லாம் ஒரு டிரைவரா?" என்று வையாபுரி சுவரில் முட்டிக்கொண்டான்.

கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள். இந்தப் பழி யாரைச் சேரும்?

பாயைச் சேராது, அவர் எச்சரித்தார், வழியும் சொன்னார். வையாபுரியைச் சேராது, முதலாளியம்மா சொன்ன சொல்லை அவன் நம்பினான். பழைய பேட்டரியை விட்டுவைத்ததும் குற்றமில்லை. பிரியம் வைத்தவளுக்கு அந்த உரிமை உண்டு. பாதியை விழுங்கிவிட்டு "மாத்தியாச்சு" என்றாளே, பழி அங்கேதான். இந்த விடையை மரகதம் உங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாள். வையாபுரி ஒரு வார்த்தை ஏசியிருந்தால் அவள் அழுது தீர்த்திருப்பாள். காரியம் முடிந்த மறுநாள் வந்தவன், "லோடு எங்கீங்க அக்கா?" என்று மட்டும் கேட்டான்.