இறுக்குவதா, இளக்குவதா

“யாரோ ஒரு தரப்பைக் கைவிட்டுத்தான் ஆகணும். எந்தத் தரப்பைன்னு மட்டும் சொல்லுங்க மேடம்.”

தணிகாசலம் உட்காரக்கூட இல்லை.

சின்னக் கார் ஒன்றுக்கு ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்ப்பதுதான் நான்கு மாதமாக அவருடைய வேலை. பதினெட்டு முறை மாற்றிவிட்டார்.

இளக்கமாக வைத்தால், ஓட்டிப் பார்த்தவர்கள் வளைவில் வண்டி சாய்கிறது, பயமாக இருக்கிறது என்றார்கள். இறுக்கினால், வேகத்தடையில் இடுப்பு ஒடிகிறது என்றார்கள்.

நடுவாக வைத்தார். இரண்டு புகாரும் வந்தன.

வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றை முடிவுசெய்யாவிட்டால் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவதாக அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் சோதனை ஓட்டக் குழு தங்கியிருந்த சத்தியமங்கலத்துக்கே கிளம்பி வந்துவிட்டார்.

குழுவின் தலைவி ஃபிலோமினா. தணிகாசலத்தைவிடப் பதினான்கு வயது இளையவர். ஆனாலும் என் குரு என்றுதான் தணிகாசலம் எல்லோரிடமும் சொல்லுவார்.

குரு கையை நீட்டினார். தணிகாசலம் தான் ஓட்டிவந்த சோதனைக் காரின் சாவியைக் கொடுத்தார்.

முன்கதவைத் திறக்கப் போனவரைப் பின்னால் உட்காரச் சொன்னார்.

மலையடிவாரத்துக்கு முன்னால் வரிசையாக வேகத்தடைகள். அவசரத்தில் போகிறவர்கள் எப்படி ஓட்டுவார்களோ அப்படி, பாதி பிரேக் பிடித்து ஏற்றி இறக்கினார் ஃபிலோமினா.

மூன்றாவதில் தணிகாசலத்தின் தலை கூரையில் இடித்தது.

“சே, கட்டைவண்டியே தேவலை. இன்னும் இளக்கியிருக்கணும்.”

ஃபிலோமினா திம்பம் மலைப்பாதையில் ஏறத் தொடங்கினார்.

ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் எதிரே ஒரு பஸ் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. ஃபிலோமினா ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடித்தார். கார் ஒருபக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபக்கம் சாய்ந்தது.

தணிகாசலம் முன்சீட்டை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டார்.

“இறுக்கணும். நல்லா இறுக்கணும். இப்படி ஆடினா எவன் ஏறுவான் இதுல?”

அகலமான இடம் பார்த்து ஃபிலோமினா காரை நிறுத்தினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார்.

தணிகாசலத்துக்குக் கோபம் வந்துவிட்டது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி பொரிந்து தள்ளினார். தான் கேட்டது ஒரே ஒரு கேள்வி, அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம், அதை விட்டுவிட்டு இப்படிப் போட்டு உலுக்கி எடுப்பதா என்று கேட்டார். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை என்றார். இரண்டு தரப்பையும் திருப்திப்படுத்த ஆண்டவனாலும் ஆகாது என்றார்.

மூச்சு வாங்கியது. நிறுத்தினார்.

ஃபிலோமினா திரும்பிப் பார்த்தார்.

“ரெண்டு தரப்பும் இப்பப் பேசினாங்களே சார். உங்க பக்கத்துல வேற யாராவது உட்கார்ந்திருக்காங்களா?”

தணிகாசலம் திரும்பிப் பக்கத்து சீட்டைப் பார்த்தார்.