கரண்ட் இல்லாத மலையில் ஒரு பாட்டில் வாழை

“கரண்ட் இல்லாம இந்த வேலை நடக்காது டீச்சர். எழுதியே தர்றேன்” என்றார் துரைக்கண்ணு.

மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்று, இப்போது இங்கே உதவிக்கு வந்து தொழில் கற்கிறவர். வேறெப்படிப் பேசுவார்!

டீச்சர் செலினுக்கு அவர் மகள் வயசு. மின்கம்பி எட்டாத கொட்டாம்பாறை மலையில், கண்ணாடிப் பாட்டிலுக்குள் வாழைக் கன்று வளர்க்கிறவள். விறகடுப்பில் குக்கர் வைத்துக் கிருமி நீக்குவாள். வெளிச்சத்துக்கு ஒரு ஜன்னல். அவ்வளவுதான் அவள் ஆய்வுக்கூடம்.

மலை முழுக்க வாழையில் நோய் விழுந்திருந்தது. நோய் தொடாத மரம் ஒன்றே ஒன்று. அதைக் கிழங்கோடு தோண்டியெடுத்து, குருத்தை நறுக்கித்தான் பதின்மூன்று பாட்டிலில் வளர்த்தாள். அந்த நேரம் பார்த்து வழுக்கி விழுந்து, வலது கை முறிந்தது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பன்னிரண்டு பாட்டில் கன்றுகளைத் துரைக்கண்ணுதான் பிரித்துப் புதுப் பாட்டில்களுக்கு மாற்றினார்.

பன்னிரண்டிலும் பூஞ்சை.

“மிச்சம் ஒண்ணுதான் ஐயா. இந்த வாரத்துக்குள்ள மாத்தலைன்னா அதுவும் கருகிடும். என் கை உதவாது. நீங்கதான் செய்யணும்.”

“அய்யோ, அதையும் கெடுத்துட்டா? இந்த மலையில அந்த வாழையே இருக்காதே!” அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

செலின் முன்பக்கம் திறந்த கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பாட்டில் வைத்தாள். கன்று கிடையாது. கன்றுக்கு உணவாகும் ஊட்டக்கூழ் மட்டும்.

“எப்பவும்போல உக்காருங்க. உங்க குறையெல்லாம் சொல்லுங்க.”

இடது கையால் ஒன்றைத் திறந்தாள்.

விடுவாரா மனுஷன்! ஃபேன் இல்லை, ஏசி இல்லை, காற்றை வடிகட்ட மெஷின் இல்லை, இதெல்லாம் இல்லாமல் ஆய்வுக்கூடம் ஒரு கேடா என்று கொட்டித் தீர்த்தார்.

“வேற?”

“அவ்வளவுதான்.”

மூடினாள். இரண்டாவதைத் திறந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் பேசவில்லை. அதே அளவு நேரம் கழித்து அதையும் மூடினாள்.

“இது எதுக்கு டீச்சர்?”

“அஞ்சு நாள் பொறுங்க ஐயா.”

ஐந்தாம் நாள் முதல் பாட்டிலில் வெள்ளையாகப் பிசுபிசுப்பு, நடுவே பச்சைப் பூஞ்சை. இரண்டாவது சுத்தமாக இருந்தது.

“ரெண்டுக்குமே நான் கரண்ட் குடுக்கலையே” என்றாள் செலின்.

துரைக்கண்ணு மாறி மாறிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“அந்தப் பன்னெண்டு பாட்டில் முன்னாலயும் இதையேதான் புலம்பிட்டிருந்தேன்.”

செலின் கடைசிப் பாட்டிலை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். ஸ்பிரிட் விளக்கை ஏற்றினாள்.

அவர் கை கழுவி வந்து உட்கார்ந்தார். கத்தியைத் தீயில் காட்டினார். மூடியைத் திறந்தார்.

“கரண்ட் இல்லாம முடியுமா ஐயா?” செலின் தள்ளி நின்று கேட்டாள்.

துரைக்கண்ணு முடியும் என்று தலையை மட்டும் ஆட்டினார்.