கதவைத் திறவாத கனகப்பிள்ளை அம்மையார்

கடலுக்கும் களப்பு எனும் காயலுக்கும் நடுவே கிடந்த தாழைமுனை என்னும் ஊரில், கண்ணகை அம்மன் கோயில் மடைப்பள்ளியில் பாத்திரம் துலக்கி வாழ்ந்தவர் கனகப்பிள்ளை அம்மையார். புளியும் சாம்பலும் அரித்து அவர் விரல்நுனிகள் எப்போதும் வெடித்தே இருக்கும். பொங்கல் பானை, குத்துவிளக்கு, தாம்பாளம் என்று ஒவ்வொன்றாகத் துலக்கிக் கவிழ்க்கும்போது "தாயே" என்பார். அதுவே அவர் அறிந்த மந்திரம். கூலியாக அவர் பெற்றது ஒருவேளைச் சோறு.

ஊரார் அவரைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம் நடந்த ஆண்டில், அயலூரான மரைக்கார்தோப்பிலிருந்து பாய் விற்க வந்த ஜெமிலா உம்மாவை மடைப்பள்ளிக்குள் ஒளித்துக் காப்பாற்றியவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. மறுநாள் காலையில் ஜெமிலா உம்மா கோயிலின் பின்புறமிருந்து உயிரோடு வந்ததைக் கண்டவர்கள் தாமாகவே கட்டிய கதை அது. அம்மையார் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

நடந்தது வேறு. அன்று நண்பகலில் ஜெமிலா உம்மா ஓடி வந்து மடைப்பள்ளிக் கதவைத் தட்டினார். "கனகக்கா, நான்தான். திறங்க!" என்று கதறினார். உள்ளே நின்ற அம்மையார், துரத்தி வருபவர்கள் தம்மையும் வெட்டிவிடுவார்கள் என்று அஞ்சி, தாழ்ப்பாளை இன்னும் இறுக்கினார். சற்று நேரத்தில் தட்டும் ஓசை நின்றுபோயிற்று. ஜெமிலா உம்மா விடியும்வரை கோயிலுக்குப் பின்னாலிருந்த தாழம்புதருக்குள் கிடந்தார். முள் குத்தி அவருக்கு ஒரு கண் போயிற்று.

இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தன. யாராவது கும்பிட்டால் அம்மையாருக்கு முகத்தில் கொதிநீர் பட்டதுபோல் இருக்கும். "தாயே, உனக்குத் தெரியும். எனக்குத்தான் வாய் வருதில்ல" என்று அம்மனிடம் மட்டும் அழுவார்.

அந்நாளில் இரண்டு ஊர்க் கிணறுகளும் உப்புக்கரித்தன. எல்லையில் பொதுக்கிணறு ஒன்று வெட்டச் சமாதான நிதியொன்று உதவ முன்வந்தது. இரண்டு ஊரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். ஒற்றுமைக்குச் சான்றும் காட்ட வேண்டும். கோயிலை நிர்வகித்த வண்ணக்கர் சாமித்தம்பி, அம்மையாரின் கதையை எழுதி அனுப்பினார். கிணறு கிடைத்தது போலத்தான் என்று ஊரே மகிழ்ந்தது.

நிதி வழங்கும் நாளில் இருபத்திரண்டு ஊர்களின் நல்லிணக்கக் குழுக்கள் நகர மண்டபத்தில் கூடின. அலுவலரான ஓர் இளம்பெண் அந்தக் கதையை ஒலிபெருக்கியில் வாசித்தார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். பிறகு ஜெமிலா உம்மாவையே மேடைக்கு அழைத்து, அம்மையாருக்குப் பொன்னாடை போர்த்தச் சொன்னார்கள். கிணறு வர வேண்டும், ஒன்றும் பேசிவிடாதே என்று அவருடைய ஊரும் சொல்லி அனுப்பியிருந்தது. அவர் வாய் திறவாமல் பொன்னாடையை விரித்தார். பார்வையற்ற அந்தக் கண் தம் முகத்தருகே வந்ததும், அம்மையார் பின்வாங்கினார்.

"வேணாம் ஜெமிலா. எனக்குப் போடாத." ஒலிபெருக்கி அவர் குரலை மண்டபம் முழுதும் கொண்டுபோயிற்று. "இவ கதவத் தட்டினவ. நான் திறக்கல்ல. உள்ளுக்க நிண்டு தாழ்ப்பாளப் போட்ட நான். இவட கண் போனது என்னாலதான். இத்தன வருசமா நான் பொய் சொல்லல்ல, பொய்ய உடுத்திக்கிட்டுத் திரிஞ்ச நான்."

ஜெமிலா உம்மா மெல்லச் சொன்னார்: "நீங்க உள்ளுக்க நிண்டது எனக்குத் தெரியும். மூச்சு விட்ட சத்தம் கேட்டிச்சி. இந்த ஒரு சொல்லக் கேக்கத்தான் இவ்வளவு நாளும் இருந்த நான். ஆனா, மன்னிச்சிட்டியா எண்டு கேக்காதீங்க. அது எனக்கே தெரியா." பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. "தண்ணி வாற நேரத்தில உனக்கு என்னத்துக்குகா இந்த வாய்?" என்று சீறிய வண்ணக்கர், அம்மையாரைக் கோயில் வேலியைத் தாண்டக்கூடாதென்று விலக்கினார். கிணற்றடிப் பெண்கள் வாளியை அவர் முன் வைத்து, "இந்தா, உண்மையக் குடி. நல்லா இனிக்கும்" என்று சிரித்தார்கள். அம்மையார் அந்த உப்புநீரை வாங்கிக் குடித்தார். பட்டினியோடு விடியற்காலைதோறும் வேலிக்கு வெளியே தெருவில் நின்று, "தாயே" என்று தொழுதார். வெட்கம் குறையவில்லை. ஆனால் தாயின் முன் அதை மறைக்க வேண்டியிருக்கவில்லை.

வைகாசி வந்தது. அம்மனின் சினத்தைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு காலையில் தொடங்கியது. தெய்வம் வந்து ஆடிய பூசாரி கட்டாடியார், வேப்பிலையும் மஞ்சள்நீர்ச் செம்புமாகப் புறப்பட்டார். வண்ணக்கர் பட்டுச் சேலை ஏந்தி நின்றார். கட்டாடியார் அவரைக் கடந்தார், விருந்தினரைக் கடந்தார், வேலியையும் கடந்து தெருவுக்கு வந்து அம்மையாரின் முன் நின்றார்.

"நான் பாவி தாயே. என்னில தெளிக்காத" என்று அம்மையார் முகத்தை மூடிக்கொண்டார்.

"எல்லாரும் எனக்குப் பட்டுக் கொண்டு வந்தாங்க," என்றது தெய்வக்குரல். "நீ ஒருத்திதான் உன்ட வெக்கத்தக் கொண்டு வந்தாய். என்ட சூடு அதிலதான் ஆறிச்சி."

குளிர்ந்த நீர் அம்மையாரின் தலையில் விழுந்தது. சிரித்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். வண்ணக்கரின் கையிலிருந்த சேலை மண்ணில் நழுவி விழுந்தது. மறுநாள் வண்ணக்கர், நடந்ததை நடந்தபடியே எழுதுவோம் என்று கேட்க மரைக்கார்தோப்புக்குத் தனியே நடந்துபோனார். அடுத்த ஆண்டு இரண்டு ஊரும் சேர்ந்து எழுதிய விண்ணப்பத்தில் யார் ஓடினார், யார் துரத்தினார், யார் சும்மா இருந்தார் என்று நடந்ததெல்லாம் இருந்தது. கிணறும் வந்தது.

பூவும் பொன்னும் இல்லாத கையால் தம் குற்றத்தையே காணிக்கையாக இட்ட கனகப்பிள்ளை அம்மையாரின் அன்பு பெரிது. அதை நினைக்கையில் நம் தலையும் தானே தாழ்கிறது.