கட்டியக்காரர் வீட்டில் பேர் வைத்த கதை

ராஜா நடந்து வந்தால் போதாது, வருகிறார் என்று முன்னால் ஒருவர் கத்தவும் வேண்டும் என்றிருந்த காலம் அது, கேளுங்கள். கருவேலங்கோட்டையை ஆண்ட மகுடசேகர ராஜாவிடம் ஒரு கட்டியக்காரர் இருந்தார். சபைக்கு வருகிறவரின் பெயரையும் பட்டங்களையும் உரக்கக் கூவி வழிவிடச் சொல்வது அவர் வேலை.

ராஜாவின் முப்பத்திரண்டு பட்டங்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். சபையில் அவர் கட்டியக்காரர், கடைத்தெருவில் கட்டியக்காரர், சொந்த வீட்டிலும் கட்டியக்காரர்தான். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நமக்கேன் வம்பு என்று ஊரே அப்படிப் பழகிக்கொண்டது.

அவர் மகனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாத்தா பெயரைத் தாங்குகிறவன்தானே பேரன்? பதினாறாம் நாள் தொட்டில் கட்டினார்கள். முகூர்த்தம் முடிவதற்குள் அந்தப் பெயரைக் குழந்தையின் காதில் மூன்று முறை சொல்லியாக வேண்டும். தவறினால் அந்தப் பெயர் குடும்பத்தை விட்டே போய்விடும்.

மகள் நல்லக்காள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா, உங்க பேரு என்னப்பா?" என்றாள்.

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "ராஜாதிராஜ, ராஜகம்பீர..."

"அது ராஜாவுக்குப்பா. உங்க பேரு?"

மறுபடி வாயைத் திறந்தார். மந்திரியின் பட்டங்கள் வந்தன. மூன்றாம் முறை பட்டத்து யானையின் பெயர் வந்தது. வந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரோ தலையில் கை வைத்துக்கொண்டார். ஐயோ, நான் யார்?

மகனைப் பார்த்தார். அவன் தலையைச் சொறிந்தான். பிறந்ததிலிருந்தே கட்டியக்காரர் மகன் என்றே வளர்ந்தவன் அவன், பாவம்.

அந்தப் பெயர் தெரிந்தவள் ஒருத்திதான், மனைவி சிலம்பாயி. ஆனால் புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று பெண்கள் நடுங்கிய நாட்கள் அவை.

"சொல்லுடி, நேரம் போகுது!" என்று கெஞ்சினார்.

"உங்க பேர நான் சொல்லமாட்டேன். என் பேரன் பேரச் சொல்றேன்," என்று சிலம்பாயி குனிந்து, பச்சைக் குழந்தையின் காதில் மூன்று முறை முணுமுணுத்தாள்.

பக்கத்திலிருந்த நல்லக்காள் காதில் அது விழுந்துவிட்டது. "வேம்படியான்! வேம்படியான்!" என்று சந்தோஷத்தில் கூவினாள்.

கட்டியக்காரர் துள்ளி எழுந்தார். வேட்டியை இறுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, நின்றவர்களை இரு பக்கமும் ஒதுக்கினார்.

"பராக்! பராக்! வேம்படியான் வருகிறார், வழி விடுங்கள்!"

தெருவில் ஈ காக்கைகூட இல்லை.

"எங்கே, ஆளைக் காணோமே?" என்று திரும்பிக் கேட்டார். சிலம்பாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

செய்கிற வேலையே தான் என்று இருந்துவிட்டவன், தன் பெயரைச் சொல்லி அழைத்தாலும் வேறு யாரோ வருகிறார் என்றே நினைப்பான்.