மேனேஜர் பேசிய ரெண்டு வார்த்தை

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர்களை எல்லாம் இணைக்கிற நெட்வொர்க் ஸ்விட்சுகள் கிழடு தட்டிப் போயிருந்தன. புதுசு வந்து இறங்கியதும் மேனேஜர் ஞானசிகாமணி, கான்ட்ராக்ட் டெக்னீஷியன் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டார்.

"ஆபீஸ் நேரத்துலயே மாத்தணும். உன்னால ஒருத்தர் வேலைகூட ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது. நின்னுச்சு, உன் கான்ட்ராக்ட் கட்!"

பழசிலிருந்து ஒயரைப் பிடுங்காமல் புதுசில் எப்படி மாட்டுவது? நாச்சிமுத்து தலையைச் சொறிந்தான்.

"ஆகட்டுங்க சார். புது ஸ்விட்ச் வந்த சந்தோஷத்துக்கு எல்லாரையும் கேன்டீன்ல கூட்டி, நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க சார்."

மேனேஜருக்கு முகம் பூரித்துவிட்டது. மைக்கைப் பிடித்தவர், தான் டிரெய்னியாகச் சேர்ந்த நாளிலிருந்து தொடங்கி ஒன்றே கால் மணி நேரம் பேசினார். ஒருவரும் எழுந்து போகவில்லை. எழுந்து போகிறவர்கள் பேரைக் குறித்துக்கொள்ள வாசலில் ஆள் போட்டிருந்தாரே!

பேசி முடித்து வந்தவர், "ம், இனி மாத்து" என்றார்.

"நீங்க பேசறப்பவே மாத்தியாச்சுங்க சார்."

"அடப்பாவி! அப்போ எல்லார் வேலையும் நின்னிருக்குமே?"

"நின்னுச்சுங்க சார். ஆனா என்னால இல்லீங்க."