யார் அனுப்பினா?

“அம்மா, என் ஆளுங்கள்ல யார் எனக்குக் குழி பறிக்கிறாங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

வந்ததும் வராததுமாய்த் தண்டபாணி கேட்ட கேள்வி இது. ஒரு கும்பிடுகூடப் போடவில்லை.

சிறுமலையில் பனி இன்னும் விலகவில்லை. அந்தப் பனிக்குள் மில் ஜீப்பை விரட்டிக்கொண்டு வந்து, மடத்து வாசலில் நிறுத்திவிட்டு, நேரே உள்ளே நுழைந்திருந்தார். கீழே திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு அவர் மானேஜர். மனுஷன் கெட்டவர் இல்லை. ஆனால் தன் நிழல் பின்னால் வந்தாலும் “யார்றா அது?” என்று திரும்பிப் பார்க்கிற ரகம்.

மடத்தை நடத்துகிறவர் பெயர் குருவம்மா. பட்டமெல்லாம் இல்லை, பெற்றவர்கள் வைத்த பெயரே அதுதான். தண்டபாணியைவிடப் பத்து வயதாவது சின்னவர். அவர் இவரை அம்மா என்பார், இவர் அவரை அண்ணே என்பார். கேட்கிறவர்கள்தான் குழம்பிப்போவார்கள்.

குருவம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, உங்க ஜீப்பு...”

“மில் ஜீப்பைச் சொந்த வேலைக்கு எடுத்துட்டேன்னு யாராவது சொன்னாங்களா? முதலாளிகிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேன். யார் சொன்னா? சொல்லுங்க!”

குருவம்மா மறுபடி முறத்தில் குனிந்தார். ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டார்.

“சரி, உக்காருங்க. யார் மேல சந்தேகம்?”

“லூர்துமேரி. ஷிப்ட் சூப்பர்வைசர். சின்ன வயசுலேர்ந்து அங்கதான் இருக்கா. நாளைக்குக் காலையில வேலையை விட்டுத் தூக்கப்போறேன்.”

“என்ன பண்ணினா?”

“பதினாலாம் நம்பர் மிஷின் பக்கத்துல எந்நேரமும் ரெண்டு பேர், மூணு பேர் நிக்குறாங்க. எல்லாம் அவ ஆளுங்க. நான் போனா பேச்சு கப்புனு நின்னுபோகுது. சுவரோரம் இருந்த வாளிங்களைக்கூட அங்க நகர்த்தி வெச்சிருக்காங்கம்மா, உக்காந்து பேசுறதுக்கு! ஸ்ட்ரைக்குக்குத்தான் திட்டம் போடுறாங்க. வேற என்ன?”

“அந்தப் பொண்ணைக் கேட்டீங்களா?”

“நான் எதுக்குக் கேக்கணும்? வெள்ளிக்கிழமை அவளாவே என் கேபின் வாசல்ல வந்து நின்னா. ‘உன்னை யார் அனுப்பினா?’ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். மூஞ்சி செத்துப்போச்சு. ‘ஒண்ணுமில்ல சார்’னு திரும்பிப் போயிட்டா. தப்பு இல்லாதவ எதுக்கு முழிக்கணும்?”

“மத்தபடி மில்லு எப்படி ஓடுது?”

தண்டபாணிக்கு முகம் மலர்ந்துபோனது.

“அப்படிக் கேளுங்க. எங்க மில்லுல ஒவ்வொரு மிஷின் தலையிலயும் ஒரு சிவப்பு லைட்டு உண்டு. கோளாறுன்னா அங்க நிக்குற ஆளு அதைப் போடணும். பழைய மானேஜர் இருந்தப்ப நாள் பூரா அங்கயும் இங்கயும் எரியும், திருவிழா கெட்டது போங்க. நான் வந்தேன். போட்ட ஆளைக் கூப்பிட்டு நிக்க வெச்சு நாலு கேள்வி கேட்டேன். இப்ப மாசக்கணக்கா ஒரு லைட்டு எரியல!”

“பல்பெல்லாம் நல்லாத்தானே இருக்கு?”

“நானே செக் பண்ணிட்டேன்.”

குருவம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

“அண்ணே, எனக்கு ஒரு உதவி. இன்னைக்குப் பூரா இங்க இருந்து என் மடத்து ஆளுங்களைக் கவனியுங்க. சாயங்காலம் உங்களுக்கு என்ன தோணுதோ சொல்லுங்க.”

“இங்கயும் ஏதாவது நடக்குதா?”

“நீங்கதான் சொல்லணும்.”

அடடா! அந்த மனுஷனுக்கு அதைவிட என்ன விருந்து வேண்டும்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மடத்தில் ஆள் அதிகமில்லை. அடுப்படியில் மரகதம். தோட்டத்தில் பொன்னழகு. அவ்வளவுதான்.

தண்டபாணி சமையல்கட்டு ஜன்னலோரம் நின்றார். பிறகு பலா மரத்தடியில் நின்றார். கிணற்றடிக்குப் போய், வாளியைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். தண்ணீர்தான் இருந்தது.

காலைச் சாப்பாடு முடிந்ததும் மரகதம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அவரிடம் வந்தாள்.

“ஐயா, வாசல்ல உங்க...”

“அடுப்பை விட்டுட்டு இங்க எதுக்கு வந்தே? உன்னை யார் அனுப்பினா?”

மரகதம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஒண்ணுமில்லைங்க.”

போய்விட்டாள். தண்டபாணி மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

வெயில் ஏறியது. பொன்னழகு ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். கையை நீட்டினார்.

“யோவ்! வண்டியைத் தொட்டே, அப்புறம் நடக்குறதே வேற!”

பொன்னழகுக்குக் கை வெடுக்கென்று பின்னால் போனது.

“இல்லைங்கய்யா, அது வந்து...”

“என்ன வந்து? யார் அனுப்பினா உன்னை?”

“யாரும் அனுப்பலைங்க. நானாத்தான் வந்தேன்.”

“நானாத்தானாம்! எங்க, நிரூபி பாப்போம்.”

பொன்னழகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். மத்தியானம் அவரும் மரகதமும் புறவாசலில் நின்று குசுகுசுவென்று பேசினார்கள். தண்டபாணியின் செருப்புச் சத்தம் கேட்டதும் ஆளுக்கொரு பக்கமாய்ப் பிரிந்தார்கள். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிடித்தாயிற்று!

சாயங்காலம் தண்டபாணி குருவம்மா முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்க மடத்துல ரெண்டு பேரும் சரியில்லை. கூட்டுக் களவாணிங்க. என்னைப் பார்த்தா பேச்சை நிறுத்துறாங்க. வண்டியை நோட்டம் விடுறாங்க. எதையோ மறைக்குறாங்க.”

“எதை?”

“அது இன்னும் தெரியல. ஆனா மறைக்குறாங்க.”

“ஆமா,” என்றார் குருவம்மா. “மறைக்கத்தான் செய்றாங்க. நேத்து வரைக்கும் இந்தப் பழக்கம் இல்லை.”

தண்டபாணிக்கு அது சரியாகப் புரியவில்லை. இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று எழுந்தார். ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருகினார்.

ஒரு முனகல். அப்புறம் அதுவும் இல்லை.

“பாத்தீங்களா! பாத்தீங்களா! நான் சொல்லல? பேட்டரியில எவனோ கை வெச்சுட்டான். யோவ் பொன்னழகு, வாய்யா இங்க! என்னய்யா பண்ணினே என் வண்டியை?”

பொன்னழகு வந்தார். பின்னாலேயே மரகதமும் வந்தாள்.

“நான் ஒண்ணும் பண்ணலைங்கய்யா. நீங்க காலையில வர்றப்ப போட்ட முன்லைட்டு. அணைக்காமயே இறங்கிட்டீங்க. நாள் பூரா எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.”

தண்டபாணி ஸ்விட்சைப் பார்த்தார். அது அப்படியேதான் கிடந்தது.

“கண்ணால பார்த்துக்கிட்டே இருந்தியா? ஏன்யா சொல்லல?”

“சொல்லத்தான் வந்தேன். அணைக்கத்தான் கையை நீட்டினேன். யார் அனுப்பினான்னு கேட்டீங்க.”

“என்னையும் அதேதான் கேட்டாரு,” என்றாள் மரகதம். “எனக்கென்னங்க வந்துச்சுன்னு போயிட்டேன்.”

தண்டபாணி குருவம்மா பக்கம் திரும்பினார்.

“நீங்களும் பார்த்தீங்களாம்மா?”

“நான்தான் முதல்ல பார்த்தேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

குருவம்மா ஜீப்பின் பக்கம் கையைக் காட்டினார். காலையில் பாதியில் நின்றுபோன “உங்க ஜீப்பு” தண்டபாணிக்கு இப்போதுதான் காதில் விழுந்தது.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த நிமிஷமே அதைவிடப் பெரிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இங்கே மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். அங்கே ஒரு மில்லே எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. மாசக்கணக்காக ஒரு லைட்டு எரியவில்லை.

போனை எடுத்து மில்லுக்குப் போட்டார்.

“லூர்துமேரி? நான் மானேஜர் பேசுறேன். வெள்ளிக்கிழமை கேபினுக்கு வந்தீங்களே. என்ன சொல்ல வந்தீங்க?”

அந்தப் பக்கம் மிஷின் சத்தம். அதற்கு நடுவே அவள் குரல் வந்தது.

“சார்... இப்படிக் கேக்கச் சொல்லி உங்களை யார் அனுப்பினா?”

“யாரும் அனுப்பலம்மா. நானாத்தான் கேக்குறேன்.”

சொல்லிவிட்டுப் பொன்னழகைப் பார்த்தார். அந்த மனிதர் பாவம், தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒண்ணுமில்ல சார்,” என்றாள் லூர்துமேரி.

தண்டபாணிக்குக் கண் கலங்கிவிட்டது.

“சரிம்மா. சொல்லத் தோணினா சொல்லுங்க. நான் போனை வைக்கமாட்டேன்.”

ஸ்பீக்கரில் போட்டு அப்படியே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“ஏறுங்கண்ணே, இறக்கம்தான். தள்ளிவிட்டா கிளம்பிடும்,” என்றார் குருவம்மா.

ஏறி உட்கார்ந்தார். மூன்று பேரும் பின்னால் போனார்கள். பழக்கதோஷம், கண்ணாடியில் எட்டி எட்டி அவர்களைப் பார்த்தார். குருவம்மா திரும்பி வந்து அந்தக் கண்ணாடியை அந்தப் பக்கமாய்த் திருப்பிவிட்டுப் போனார்.

“முன்னாடி பாருங்க. வளைவு இருக்கு.”

தள்ளினார்கள். ஜீப் அசைந்தது, உருண்டது, வேகம் பிடித்தது. கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். இரண்டு குலுக்கல் குலுக்கி இன்ஜின் பிடித்துக்கொண்டது. அப்போது சட்டைப்பைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“சார்? நெசமாவே வைக்கலையா?”

“வைக்கலம்மா.”

“பதினாலாம் நம்பர்ல கருகுற வாடை வருது சார். பேரிங் சூடேறுது. பஞ்சு பத்திக்கிச்சுன்னா மொத்த மில்லும் போயிரும். அதான் மணல் வாளியெல்லாம் பக்கத்துல இழுத்து வெச்சுக்கிட்டு, ஆள் மாத்தி ஆள் காவல் நிக்குறோம்.”

தண்டபாணி பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

“மிஷினை நிறுத்துங்க! இப்பவே சிவப்பு லைட்டைப் போடுங்க!”

“போட்டுடலாம் சார்.” லூர்துமேரி இழுத்தாள். “ஆனா... யார் போட்டதுன்னு கேப்பீங்களே?”

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் மூன்று பேரும் மூச்சு வாங்க நின்றிருந்தார்கள்.

“நான் போட்டேன்னு சொல்லுங்க.”