பட்டுச் சட்டைக்கு டெபாசிட்

கொருக்குப்பேட்டைத் தணிகாசலத்துக்கு ஒரு மாடி வீடு, அதன் பின்னால் வாடகைக்கு விட்ட ஆறு வீடுகள், யாரையும் நம்பாத மனசு. ஒருநாள் காலையில் குடியிருப்பவர்களைக் கூப்பிட்டு, "வீட்டுக்கு மூவாயிரம் கரண்ட் டெபாசிட் கட்டணும்" என்றார்.

"பில்லுதான் ஒழுங்கா கட்டுறோமே, ஐயா?" என்றாள் வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் கன்னியம்மா.

"முதல்ல அனுபவிச்சுட்டு அப்புறம் காசு கொடுக்கிறவங்களை எப்படி நம்புறது? ராத்திரியோட ராத்திரியா ஓடிட்டா?"

சாயங்காலம் கல்யாணத்துக்குக் கிளம்பியவர், பனியனோடு வண்டியடிக்கு வந்து பட்டுச் சட்டையைக் கேட்டார்.

"டெபாசிட் கட்டிட்டு எடுத்துக்குங்க, ஐயா. நீங்களும் போட்டுக்கிட்டு மாசக் கடைசியிலதானே காசு தர்றீங்க?"

"உன் இஸ்திரிக் காசுக்குப் பயந்து மாடி வீட்டை விட்டுட்டு நான் எங்கேம்மா ஓடுவேன்?"

"மூணு பிள்ளைங்களையும் இந்த வண்டியையும் இழுத்துக்கிட்டு நான் மட்டும் எங்கே ஓடுவேன்?"

குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஆட்டோவிலிருந்து மனைவி சத்தம் போட்டாள்.

"சரி, டெபாசிட் வேண்டாம். சட்டையைக் குடு."

கன்னியம்மா சட்டையை எடுத்தாள், நீட்டவில்லை.

"அப்படியே குழாய்ப் பக்கம் திரும்பிச் சொல்லிடுங்க, ஐயா. மத்த அஞ்சு வீட்டுக்கும் கேட்கணும்."

தணிகாசலம் திரும்பிச் சொன்னார். நடுத்தெருவில் பனியனோடு நிற்கிறவருக்கு வேறென்ன வழி?